இறங்கி ஏறும் மலை

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை சென்ற அன்பர்கள் அறிவார்கள்: முதலில் ஏற்றம், பின்னர் இறக்கம். களைத்தவர் எந்தப் படியிலிருந்தும் திரும்பிவிடலாம். வழி கீழ்நோக்கியே இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே இதற்கு நேர்மாறான இடம் ஒன்றுண்டு. கிராண்ட் கன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கே அது. கொலராடோ ஆறு அறுத்தமைத்த அப்பள்ளம் 277 மைல் நீளமும் ஏறத்தாழ ஒரு மைல் ஆழமும் உடையது. அங்கே இறக்கம் முந்தி வருகின்றது. ஏற்றமோ, கால்கள் ஓய்ந்து தண்ணீரும் குறைந்தபின் வருகின்றது.

பீனிக்ஸ் நகரில் வாழும் எமது தம்பியாரைக் காணச் சென்றிருந்தபோது, மே மாதத்து விடியற்காலையொன்றில், அவருடைய பதினேழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு இப்பள்ளத்தாக்கில் இறங்கினோம். நாம் தெரிந்தெடுத்தது ஹெர்மிற் பாதை. ஹெர்மிற் என்றால் துறவி. முன்னாளில் அப்பக்கத்தில் வெள்ளைக் கோவேறு கழுதையொன்றுடன் தனித்து வாழ்ந்த லூயி பூஷே என்பவரைக் குறித்து எழுந்த பெயர் அது. அவர் கனிப்பொருள் தேடித் திரிந்தவர். எனவே முற்றத் துறந்தவர் என்று சொல்வதற்கில்லை. அயலிலுள்ள பிரைற் ஏஞ்சல் பாதையில் ரால்ப் கமெரன் என்பார் சுங்கம் அறவிட்டு வந்தமையால், அதனைத் தவிர்க்க வேண்டிச் சாந்தா பே புகைவண்டிக் கொம்பனியார் 1911 ஆம் ஆண்டளவில் இப்பாதையை வெட்டத் தொடங்கினர். 1930 இல் அவர்கள் கீழேயிருந்த தங்கள் விடுதியை மூடிவிட்டனர். இன்று இப்பாதையை ஒழுங்காகச் செப்பனிடுவாரில்லை. பாறை சரிந்து வழி மறைந்த இடங்களில் கையையும் ஊன்றியே கடக்கவேண்டும்.

எட்டு மைல் நடந்து ஓடையை அடைந்து, அன்றே திரும்புவது எமது திட்டம். ‘ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயலாதீர்கள்’ என்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கின்றனர். நாமும் அதனை வாசித்தோம். ஆற்றுக்கா போகின்றோம், ஓடை வரைக்குந்தானே என்று எமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டோம். மாணவர் இப்படி விடை எழுதினால் நாம் புள்ளி கொடுக்கமாட்டோம்.

விளிம்பிலே கம்பளிச் சட்டை வேண்டியிருந்தது. ஆனால் ஓராயிரம் அடி இறங்குந்தோறும் ஏறத்தாழ ஐந்து பாகை பரனைற் வெப்பம் கூடும் என்பது அங்குள்ள கணக்கு. 2½ மைல் இறங்கிச் சாந்தா மரியா ஊற்றை அடைந்தபோது சட்டை நனைந்து பிழியும் நிலையிலிருந்தது. அங்கே, எங்களூர்த் தெருவோர மடம் போன்ற ஒரு கற்குடில் உண்டு. ஊற்றிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அதனையும் சுத்திகரித்தே குடிக்கவேண்டும்.

“உந்தா அடிவாரம் கிட்டத்தானே தெரியுது, பெரியப்பா. போட்டு வருவம்” என்றான் பிள்ளை.

கிட்டத்தான் தெரிந்தது. 1540 இல் இப்பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற ஸ்பானிய வீரர்களுக்கும் அவ்வாறே தெரிந்ததாம். அவர்களுள் சுறுசுறுப்பான மூவர் இறங்கிப் பார்த்துவிட்டு, மூன்றிலொரு பங்குதான் போகமுடிந்தது என்று மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தனர். மேலிருந்து ஆளுயரமாகத் தெரிந்த பாறைகள், செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தினும் உயர்ந்தவை என்றனர். அம்மூவரை எண்ணிக்கொண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கணக்கெடுத்தோம். ஆளுக்கு நான்கு லீற்றர் கொண்டு வந்திருந்தோம், பாதி முடிந்துவிட்டது. திரும்புவோம் என்றோம். பிள்ளைக்குக் கோபம். எமக்கும் உள்ளூர வெட்கந்தான்.

ஏறத்தொடங்கிய ஒரு மணிநேரத்தில் அவன் கோபமும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. “வயித்தைப் பிரட்டுது” என்று பாதையோரத்தில் குந்திச் சத்தியெடுத்தான். கைகள் நடுங்கின. வியர்வையோடு உப்பும் போய்க்கொண்டிருக்க, காலை தொட்டு ஒன்றும் உண்ணாது தண்ணீரையே குடித்திருக்கின்றான். நாம் அதைக் கவனிக்கவில்லை. கைத்தொலைபேசிக்கு அங்கே அலை எட்டவில்லை. பாதையிலோ ஒருவரையும் காணவில்லை. பிள்ளையை வாசலில் நின்று வழியனுப்பிய தாயின் முகமே கண்முன் நின்றது. பாறை நிழலில் அவனைக் கிடத்தி, தலையில் ஈரத்துணியிட்டு, உப்பு விசுக்கோத்தைச் சிறிது சிறிதாகத் தின்னக் கொடுத்தோம். வெயில் சாயும்வரை அவ்விடத்தைவிட்டு அசையவில்லை. எமது வாழ்நாளில் அத்துணை நீண்ட பிற்பகலை நாம் கண்டதில்லை.

இறங்குகையில் இரண்டு மணிநேரம் பிடித்த வழி, ஏறுகையில் ஆறு மணிநேரத்தை விழுங்கிற்று. வெண்மணற்கற் பகுதியை அடைந்தபோது நிழல் நீண்டிருந்தது. காலையில் விரைந்து கடந்துபோன சரிவான கற்பலகைகளில் அப்பொழுதுதான் பிள்ளையின் கண் பட்டது. சின்னஞ்சிறு காற்சுவடுகள்! ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன், அவ்விடம் மணற்குன்றாயிருந்த காலத்தில், நான்கு கால் உயிரினங்கள் பதித்துச் சென்றவை. இப்பாறைகளிற் காணப்படும் சுவடுகள் பெரும்பாலும் சரிவின் மேல்நோக்கியே செல்வதை அறிஞர்கள் குறித்திருக்கின்றனர்.

பிள்ளை ஒரு சுவட்டிலே விரலை வைத்துப் பார்த்தான்.

“இதுவும் ஏறித்தான் போயிருக்குது, பெரியப்பா.”

சற்று இருந்து, எஞ்சிய தண்ணீரை இருவரும் பகிர்ந்து குடித்துவிட்டு எழுந்தோம். விளிம்பு இன்னும் மேலேதான் இருந்தது.