மருந்துக்குச் சாகாத வயிற்றுப் புழு: ஆடு வளர்ப்பவர்கள் கேட்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் சீர்காழிப் பக்கம் ஆடு மேய இடம் இருக்காது. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். வரப்பு, வாய்க்கால் கரை, ரோட்டோரம், அவ்வளவுதான் மேய்ச்சல். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியபோது அந்தக் கரைகளிலும் பாதி முழுகிப்போயின. அப்படிப்பட்ட நாட்களில் பத்து வீட்டு ஆடும் ஒரே மேட்டில் மேய்கிறது, அங்கேயே புழுக்கை போடுகிறது, மறுவாரம் அதே புல்லைத் திரும்பக் கடிக்கிறது. இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவுக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது.

ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். செத்த ஆட்டின் நான்காவது வயிற்றைத் திறந்தால் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிவிட்ட நூல் போல, இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில் கிடக்கும். சிவப்பு, அது குடித்த இரத்தம். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. உறிஞ்சும், ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. போய்விடும். பெண் புழு ஒவ்வொன்றும் தினமும் ஐயாயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் இளம்புழு புல்லில் ஏறிக் காத்திருக்கும்.

இந்தப் புழு தாக்கிய ஆடு பெரும்பாலும் கழியாது. புழுக்கை வழக்கம்போலவே விழும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆடு மந்தையில் பின்தங்கும். சாயங்காலம் மேய்ந்து திரும்பும்போது தாடைக்கடியில் பை கட்டியது போல வீங்கியிருக்கும், விடிவதற்குள் வற்றிவிடும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். இந்த வீக்கம் தெரிகிற நேரத்தில் பாதி இரத்தம் போயிருக்கலாம். மருத்துவரிடம் உடனே போக வேண்டிய கட்டம் அது.

மருந்து கொடுத்தும் ஆடு தேறவில்லை என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதற்கு ஒரு முக்கியமான காரணத்தை 2015-ல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உமர் சௌத்ரி, ஜான் கில்லியர்ட் ஆகியோரோடு சென்னையிலிருந்து எம். ராமனும் சேர்ந்து, தென்னிந்தியாவின் 23 இடங்களில் எடுத்த இந்தப் புழுக்களின் மரபணுவைப் படித்தார்கள். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகள் புழுவின் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்கின்றன. அந்தப் புரதத்தின் 200-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. அந்த மாற்றம் 23-ல் 18 இடங்களில் இருந்தது. ஓரிடத்தில் 9 சதவீதம், இன்னோரிடத்தில் 84 சதவீதம் வரை. 198-ஆம் இடத்தில் நேர்ந்த வேறொரு மாற்றம் 8 இடங்களில் இருந்தது.

இதில் ஆடு வளர்ப்பவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது மாற்றத்தைத்தான். முதல் மாற்றம் குறைந்தது மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இரண்டாவதோ எட்டு இடங்களிலும் ஒரே மரபணு வடிவத்தில் இருந்தது. எங்கோ ஓரிடத்தில் பிறந்தது, மனிதர்கள் ஆட்டைக் கொண்டுபோன வழியெல்லாம் அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஊருக்கு ஊர் புழுக்களிடையே மரபணு வேற்றுமை மிக மிகக் குறைவு. செம்மறிப் புழு, வெள்ளாட்டுப் புழு என்ற பேதமும் இல்லை. இரண்டிலும் ஒரே கூட்டம்தான் மாறி மாறிக் குடியிருக்கிறது.

ஆகவே உங்கள் கொட்டிலில் இருக்கும் புழு உங்களுடையது மட்டுமல்ல. சந்தையில் வாங்கிய கிடாவோடு வந்ததாக இருக்கலாம், இலவசமாகக் கிடைத்த ஆட்டோடு வந்ததாகவும் இருக்கலாம். சம்பா, தாளடி அறுப்புக்குப் பின் ராமநாதபுரம் சீமையிலிருந்து கிடை போட வரும் மந்தைகளோடும் வரலாம். இதைச் சொல்வதால் கிடைக்காரர்கள் மேல் பழி போடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கிடை போட்ட வயலின் விளைச்சல் நம் ஊர் விவசாயிக்குத் தெரியும். காய்ந்த தரிசில் கோடை வெயிலுக்கு இளம்புழு அதிக நாள் தாங்காது. ஆபத்து அதிகம் இருப்பது ஈரம் வற்றாத வாய்க்கால் கரைகளில்தான்.

மருந்துக்குச் சாகாத புழுவைப் பெருக்குவது பெரும்பாலும் நம் பழக்கம். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில், எடை பார்க்காமல், கண் அளவில் ஊற்றிவிடுகிறோம். அளவு குறைந்தால் மருந்தைப் பாதி தாங்கக்கூடிய புழு தப்பித்துக்கொள்கிறது. வெள்ளாடு அல்பெண்டசோல் வகை மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும், அதனால் செம்மறிக்கான அளவு அதற்குப் போதாது. சரியான அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். கோடையில் புல்லில் புழுவே இல்லாத நேரம் பார்த்து மந்தை முழுக்க மருந்து ஊற்றினால், மிஞ்சுவது மருந்துக்கு அடங்காதவை மட்டும். அடுத்த மழையில் முட்டையிடுவதும் அவைதான். இந்த வகையின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-ல் வந்தது, 1964-லேயே அதற்கு அடங்காத புழு பதிவாகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற முறையில் கீழ் இமையின் நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கிறார்கள். நன்றாக இருக்கும் ஆட்டை விட்டுவிடுவதால் மருந்துக்குச் சாகிற புழுவும் மந்தையில் மிஞ்சி, அடங்காததோடு கலந்து அதன் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். பகல் வெளிச்சத்தில், பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. புதிதாக வாங்கிய ஆட்டை மட்டும் மூன்று வாரமாவது தனியே கட்டி, சாணப் பரிசோதனை செய்த பிறகே மந்தையில் விட வேண்டும்.

கடையில் நடப்பதைச் சொல்லாமல் விட முடியாது. “போன தடவை கொடுத்தது கேக்கல, வேற கொடுங்க” என்று கேட்டால் வேறு நிறப் புட்டி கிடைக்கும். லேபிளைப் படியுங்கள். அல்பெண்டசோலுக்குப் பதில் ஃபென்பெண்டசோல் வாங்கினால் மருந்தின் பெயர்தான் மாறியது, குடும்பம் மாறவில்லை; ஒன்றுக்கு அடங்காத புழு மற்றதற்கும் அடங்காது. லெவாமிசோல், ஐவர்மெக்டின், குளோசன்டெல் ஆகியவை வேறு வேறு குடும்பம். எதை எப்போது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டிக்கு ஊனம் வரலாம் என்பதையும் கடையில் யாரும் சொல்வதில்லை.

பில் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். மருந்தே போலியா, தரமற்றதா என்ற சந்தேகம் வந்தால் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு கைகொடுக்கும். காசு கொடுத்து வாங்கிய யாரும் உரிய கட்டணம் செலுத்தி அந்த மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்பி, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். கால்நடை மருந்துக்கும் இது பொருந்தும். மருந்து தரமற்றது என்று அறிக்கை வந்தால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகார் சொல்லலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அறிக்கையில் மருந்து சரியாக இருந்து, புழு சாகவில்லை என்றால் வழக்கு நிற்காது. அப்போது தேவைப்படுவது சாணப் பரிசோதனை.

மருந்து கொடுக்கும் நாளில் ஒரு முறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒரு முறை, அதே ஆடுகளின் புழுக்கையில் முட்டையை எண்ண வேண்டும். 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் மந்தையில் தோற்கத் தொடங்கிவிட்டது. நேரடியாக ஆசனவாயிலிருந்து எடுத்த புழுக்கையைச் சுத்தமான பையில் போட்டு, ஆட்டின் அடையாளம் எழுதி, அன்றே அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். ஆட்டைத் தூக்கிப்போக முடியாத நிலையில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

அரசு கால்நடை முகாமில் ஊற்றிய மருந்து எது, அதற்கு முன் எத்தனை மாதிரி சோதிக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் புழு ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதால், ஒரு வீட்டார் மட்டும் கேட்பதைவிட ஊராகக் கேட்பது பயன் தரும். அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு வருகிறது. முகாமில் மந்தைக்கெல்லாம் மருந்து ஊற்றுவதற்கு முன் சாணப் பரிசோதனையும், இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனையும் நடத்த வேண்டும், முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.