பெருத்த இதயம், துவண்ட குழந்தை

1930 டிசம்பர் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலைக் கூறாய்வு செய்தார் பொம்பே என்ற இளம் நோயியல் மருத்துவர். இதயம் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. நுண்ணோக்கியில் வைத்தால் தசை முழுக்க வலைக்கண்களாகத் தெரிந்தது. அந்த இடமெல்லாம் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை. 1932இல் அவர் எழுதிய கட்டுரையால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. நாஜிகளை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் இருந்த அவர் 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் விட்டுப்போன புதிர் விசித்திரமானது. கிளைகோஜனை உடைக்க முடியாத வேறு சில நோய்களில் ரத்தச் சர்க்கரை விழுந்துவிடும். இந்த நோயில் விழுவதில்லை. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஹெர்ஸ் என்ற ஆய்வாளர் 1963இல் விடை சொன்னார். செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோம் என்ற நுண்பையில் கிளைகோஜனை உடைக்கும் என்சைம் ஒன்று இந்தக் குழந்தைகளிடம் இல்லை. பைக்கு வெளியே இருக்கும் கிளைகோஜன் வழக்கம்போல் உடைந்து சர்க்கரையாகிறது. பைக்குள் போனது மட்டும் தேங்கித் தசையைக் கெடுக்கிறது. லைசோசோமைக் கண்டுபிடித்த டி டூவும் அதே பல்கலைக்கழகத்துக்காரர்தான்.

நோயைச் சந்தேகிப்பதுதான் கடினம். மாதம் ஐந்தாகியும் தலை நிற்கவில்லை, பால் குடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, அடிக்கடி நெஞ்சுச் சளி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் உண்டு. சளிக்காக எடுத்த எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியும்போதுதான் பலருக்கும் பொறி தட்டுகிறது. துவண்ட தசையும் பெருத்த இதயமும் ஒரே குழந்தையிடம் இருந்தால் பொம்பேயை நினைக்காமல் இருக்கக் கூடாது. இசிஜியில் அலைகள் மலைபோல் உயர்ந்திருப்பதும் துப்புதான்.

அடுத்து, காகிதத்தில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தத்தில் அந்த லைசோசோம் என்சைம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்த வெள்ளையணுக்களில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு என்சைம் உண்டு; அது குறுக்கிட்டால் நோயுள்ள குழந்தையும் நலமாக இருப்பதாக முடிவு வரும். அதை முடக்கச் சோதனைக்குழாயில் சேர்ப்பது அகார்போஸ். நீரிழிவுக்காரர்கள் சோற்றோடு விழுங்கும் அதே மருந்து! கடைசியில் மரபணுச் சோதனை உறுதி செய்கிறது. பெற்றோர் இருவரும் பழுதான பிரதியைச் சுமப்பதால் அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கருவிலேயே பார்த்துவிடலாம்.

இல்லாத என்சைமை நரம்பு வழியே ஏற்றும் மருந்து 2006இல் ஒப்புதல் பெற்றது. சிகிச்சை இல்லாவிட்டால், தொட்டில் பருவத்திலேயே நோய் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. மருந்து ஏறினால் வீங்கிய இதயம் சுருங்குகிறது. கைகால் தசை அவ்வளவு சுலபமாக மீள்வதில்லை, ஒருமுறை அழிந்த நார் திரும்பாது. அதனால்தான் தைவான் 2005இலேயே பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத்தில் இந்த நோயைத் தேடத் தொடங்கியது. அப்படிப் பிறந்த சில வாரங்களுக்குள் மருந்து கிடைத்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள்.