ஃபேஷியலால் எது ஆகும், எது ஆகாது

பார்லரில் ஃபேஷியல் என்று செய்யப்படுவது ஐந்தாறு வேலைகள் சேர்ந்தது. முதலில் க்ளென்சிங் மில்க் தடவி முகத்தைத் துடைப்பார்கள். பிறகு ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, ஆவி காட்டி, மூக்கின் மேலும் ஓரங்களிலும் இருக்கும் கரும்புள்ளிகளைச் சிறு கம்பிக் கருவியால் அழுத்தி எடுப்பார்கள். அதன்பின் க்ரீம் வைத்து மசாஜ், கடைசியில் ஃபேஸ் பேக். பழம், முத்து, தங்கம், வைரம் என்று விலைப்பட்டியலில் பெயர்கள் நீண்டாலும் செய்முறை ஏறக்குறைய இதேதான். மாறுவது க்ரீமும் பேக்கும் மட்டுமே. தங்கத் துகளோ முத்துப் பொடியோ தோலுக்குள் இறங்கி நிறத்தை மாற்றுவதில்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெயருக்குத்தான் போகிறது.

செய்து முடித்ததும் முகம் பளிச்சென்று தெரிவது உண்மை. ஆவியாலும் மசாஜாலும் ரத்த ஓட்டம் கூடுகிறது. உதிரும் நிலையில் இருந்த இறந்த செல்களை ஸ்க்ரப் அகற்றிவிடுவதால் முகம் வழவழப்பாகிறது. க்ரீம் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கிறது. இந்தப் பொலிவு சில நாட்களில் அடங்கிவிடும். மூக்கில் எடுத்த கரும்புள்ளிகளும் சில வாரங்களில் திரும்ப வரும். அவை அழுக்கு அல்ல, துளையில் தேங்கிய எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் காற்றுபட்டுக் கறுத்தவை. மனதுக்கு இதமான ஓய்வு என்று எடுத்துக்கொண்டால் ஃபேஷியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருவுக்கும் மங்குக்கும் மருந்து என்று நம்பிப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

சீழ் கோத்த பரு உள்ள முகத்தில் அழுத்தி மசாஜ் செய்தால் வீக்கம் கூடி, தழும்பு நிலைத்துவிடலாம். மங்கு உள்ளவர்களுக்குச் சூடு ஆகாது; ஆவி பிடிப்பது நிறத்தை இன்னும் கருக்கக்கூடும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரவில் ரெட்டினால் வகை க்ரீம் பூசுகிறவர்கள் ஆகியோரின் மேல்தோல் எளிதில் உரியும் நிலையில் இருக்கும். வாக்ஸிங், ப்ளீச், ஸ்க்ரப் மூன்றையும் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது; பியூட்டிஷியனிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ப்ளீச்சில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது முகத்தில் உள்ள பூனைமுடியின் நிறத்தைப் போக்குகிறது. முடி வெளிறியதால் முகமே வெளுத்ததுபோல் தெரிகிறது. எரிச்சல் வந்தால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே கழுவச் சொல்ல வேண்டும். நம் ஊர் மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் ஒரு குணம் உண்டு: எங்கே புண்ணாகிறதோ அங்கே கருந்தடம் விழும், அது மறையப் பல மாதம் ஆகும். பத்து நிமிட எரிச்சலைத் தாங்கியதற்கு ஆறு மாதக் கறை மிஞ்சுவது இப்படித்தான். அதனால்தான் முகூர்த்தத்துக்கு முதல் நாள் புதிதாக எதையும் முகத்தில் போடக் கூடாது என்கிறார்கள். செய்வதானால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட வேண்டும். எந்தப் புதிய க்ரீமையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

பார்லரைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணாடியையும் நாற்காலியையும் விடத் துண்டையும் ஸ்பாஞ்சையும் பார்ப்பது முக்கியம். ஒருவருக்குத் துடைத்த ஸ்பாஞ்சை அலசிவிட்டு அடுத்தவருக்கு எடுத்தாலோ, கரும்புள்ளி எடுக்கும் கம்பியைக் கிருமிநீக்கம் செய்யாவிட்டாலோ கிருமித் தொற்று பரவும். த்ரெடிங் செய்யும் இடத்தில் வரிசையாக மருக்கள் முளைத்துத் தோல் மருத்துவரிடம் வருகிறவர்களும் உண்டு.

இவ்வளவு எளிதில் தோல் புண்படுவதன் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தோலின் வெளியடுக்கு ஒரு தாளைவிட மெல்லியது. இறந்த செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைக் கலவையாகவும் வைத்துக் கட்டிய சுவர் அது. உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமலும் காக்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகிறது. வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. சோப்புப் போட்டதும் முகம் இறுகி வலிப்பது சுத்தமானதன் அடையாளம் அல்ல, சுவரின் கலவை கரைகிறது என்பதன் அடையாளம்.

ஆகவே அன்றாடப் பராமரிப்பு சிறியதாக இருப்பதே நல்லது. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷ், ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். எண்ணெய் வடியும் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் தேவை, ஜெல் வகையாக இருந்தால் போதும். சன்ஸ்க்ரீனில் எஸ்பிஎஃப் 30 என்றால் யுவிபி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98 சதவீதம். எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணி அளவு தொட்டுத் தடவினால் டப்பாவில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வெயிலில் நிற்பவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மங்குக்குக் காரணமான யுவிஏ கதிர்கள் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும்.

வீட்டுப் பொருள் என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானது ஆகிவிடாது. பாசிப்பயறு மாவைக் குழைத்து மென்மையாகப் பூசிக் கழுவுவதில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. எலுமிச்சைச் சாறு அப்படியல்ல. அதைப் பூசிய தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருந்தடமும் வரலாம். சமையல் சோடாவும் பற்பசையும் முகத்துக்கானவை அல்ல. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறவர்கள் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் குறைத்துப் பார்க்கலாம். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுத்து வந்தால், அதன் பசையில் உள்ள ரசாயனம் காரணமாக இருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். கழுத்தைச் சுற்றித் தடித்த கருமை படர்வதை அழுக்கு என்று பிள்ளைகளைப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள். அது பெரும்பாலும் உடல் எடையோடும் இன்சுலின் கோளாறோடும் தொடர்புள்ளது. தேவை ரத்தப் பரிசோதனை.

எல்லாவற்றிலும் மோசமான கேடு சிவப்பழகு க்ரீம்கள் என்ற பெயரில் வருகிறது. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டுகள் கலந்த மருந்துகளை அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பூசுகிறார்கள். முதல் சில வாரங்கள் முகம் வெளுக்கும், பரு அடங்கும். வாங்கியவர் நாலு பேருக்குச் சிபாரிசும் செய்வார். பிறகு தோல் மெலிந்து ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், முடி முளைக்கும், பரு கொத்தாக வெடிக்கும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. மறுபடி பூசினால்தான் அடங்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

இன்னொரு நஞ்சு பாதரசம். மெலனின் உருவாவதைத் தடுத்து நிறத்தைக் குறைக்கும் இது, தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் கோட்டக்கலில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களில் பலர் இத்தகைய க்ரீம் பூசியிருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்து, மருத்துவ இதழிலும் எழுதினார்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லாத டப்பா, உட்பொருள் பட்டியல் இல்லாத லேபிள், வெள்ளி தங்க நகைகளில் படக் கூடாது என்ற எச்சரிக்கை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த க்ரீமைத் தொடக் கூடாது.

ஸ்டீராய்டு க்ரீமைப் பல மாதம் பூசியவர்கள் தாமாக முடிவெடுத்து ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். தோல் மருத்துவர் படிப்படியாக விடவைப்பார். போகும்போது பயன்படுத்திய டியூப், டப்பா எல்லாவற்றையும் வெட்கப்படாமல் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன பூசினார்கள் என்பது தெரிந்தால் சிகிச்சை அன்றே தொடங்கிவிடும்.