கிராபிக்ஸ் கார்டின் வேகமும் கோடை உஷ்ணமும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அங்குதான் அமைந்திருக்கிறது. அதன் பெரிய ரேடார் நிலையத்தில் 1024 ஆண்டெனாக்கள் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக நாட்டப்பட்டுள்ளன. தனியொரு ஆண்டெனாவின் ஆற்றல் சிறிது. ஆயின் அவை அனைத்தும் ஒரே தாளத்தில் இயங்கும்பொழுது, வானில் பல கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றோட்டத்தையும் அளந்துவிடுகின்றன. சிறு உறுப்புகள் பல ஒருங்கே உழைத்தால் பெருஞ்செயல் கைகூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதே தத்துவத்தில் இயங்கும் வேறொரு சாதனம் இன்று இவ்விரு நகரங்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. விளையாட்டுக் கணினியின் கிராபிக்ஸ் கார்டே அது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. காட்சி வினாடிக்கு 60 முறை மாற வேண்டுமெனில், ஒவ்வொரு வினாடியிலும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட்டாக வேண்டும். கார்டின் சில்லில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அமைந்த கணக்கிடும் உறுப்புகள் இவ்வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவ்வுறுப்புகள் யாவும் ஒரு மின்துடிப்பின் தாளத்திற்கேற்ப இயங்குபவை. உற்பத்தியாளர் வகுத்த அளவினும் அத்துடிப்பை விரைவுபடுத்துவதே ஓவர்கிளாக்கிங் எனப்படும். இளைஞர்க்கு இதில் ஆர்வம் மிகுதி. பெயரிலும் விலையிலும் ஒன்றையொன்று ஒத்த இரு கார்டுகளுள் எதனை வாங்கினால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அவர்கள் வினவுகின்றனர். விலையோ பல ஆயிரம் ரூபாய். தேர்வு பிழையானால், சுமார் 140 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த பொருளை மாற்றுவதும் எளிதன்று. ஆகவே, தம்மிடம் யோசனை கேட்டு வரும் மாணவர்க்கு விடை கூற வேண்டிய ஆசிரியர்கள் இதன் அடிப்படையை அறிந்திருத்தல் நலம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

2019ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட இரு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஜிடிஎக்ஸ் 1660. மற்றொன்று ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். இரண்டிலும் உள்ள சில் ஒரே வகையினது. கணக்கிடும் உறுப்புகள் இரண்டிலும் 1408. உயர்நிலைத் துடிப்பு இரண்டிலும் 1785 மெகாஹெர்ட்ஸ். நினைவகத்தின் கொள்ளளவும் இரண்டிலும் 6 ஜிகாபைட். பெட்டியை மட்டும் படிப்பவர் இரண்டும் ஒன்றே எனக் கருதக்கூடும்.

வேற்றுமை நினைவகத்தின் வேகத்தில் உள்ளது. முன்னதன் நினைவகம் வினாடிக்கு 192 ஜிகாபைட் தரவைக் கடத்துகிறது. பின்னது 336 ஜிகாபைட் கடத்துகிறது. அதாவது 75 சதவீதம் கூடுதல். கணக்கிடும் உறுப்புகளை நெசவாளர் எனக் கொண்டால், நினைவகம் அவர்க்கு நூல் கொண்டுவந்து தரும் வண்டி போன்றது. நூல் வந்து சேராவிடில் தறியின் வேகத்தால் பயனில்லை. முதற் கார்டின் நினைவகத்தை 10 சதவீதம் முடுக்கினாலும் கிடைப்பது சுமார் 211 ஜிகாபைட்டே. ஓவர்கிளாக்கிங்கினால் 336-ஐ எட்டவே இயலாது.

பெயர் முற்றிலும் ஒன்றாக இருந்தும் பொருள் வேறுபடுவதுண்டு. 2017இல் வந்த ஜிடி 1030 என்னும் சிறு கார்டின் நினைவகம் ஜிடிடிஆர் 5 வகை. அது வினாடிக்கு 48 ஜிகாபைட் கடத்தியது. மறு ஆண்டில் அதே பெயருடன் வெளிவந்த கார்டில் டிடிஆர் 4 நினைவகம் பொருத்தப்பட்டது. அது கடத்தியது 16.8 ஜிகாபைட் மட்டுமே. ஆகவே பெயரை நம்பாமல் நினைவகத்தின் வகையையும், அது தரவு கடத்தும் வேகத்தையும் முதலில் ஒப்பிடல் வேண்டும்.

பெட்டியின் மேல் 'ஓ.சி.' என அச்சிட்டு, தொழிற்சாலையிலேயே சற்று முடுக்கிய கார்டுகளும் விற்கப்படுகின்றன. 1785 மெகாஹெர்ட்ஸ் 1830 ஆக உயர்த்தப்பட்டது எனக் கொண்டால், உயர்வு 2.5 சதவீதமே. வினாடிக்கு 60 காட்சிகள் தந்த இடத்தில் மிகுதியாகப் போனால் 61 அல்லது 62 காட்சிகள் கிடைக்கும். இந்த எழுத்துகளுக்காக மட்டும் பெருந்தொகை கூடுதலாகக் கொடுப்பது உசிதமன்று.

துடிப்பும் வெப்பமும்

ஒரு சில் உண்ணும் மின்திறனில் பெரும்பகுதி துடிப்பின் வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் ஏற்ப உயர்கிறது. துடிப்பை 10 சதவீதம் கூட்டி, அது தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தை 5 சதவீதம் உயர்த்தினால், மின்திறன் சுமார் 21 சதவீதம் மிகும். அத்தனையும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும்.

இங்கேதான் ஊரின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. 25 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் ஒரு சில் 65 டிகிரியில் இயங்குவதாகக் கொள்வோம். அறையைவிட அது 40 டிகிரி மிகுந்துள்ளது. விசிறி அதே வேகத்தில் சுழன்றால், அறை எத்தனை டிகிரி உயருமோ அத்தனை டிகிரி சில்லும் உயரும். திருப்பதியிலோ சித்தூரிலோ கோடைப் பிற்பகலில் அறை 40 டிகிரியை அடையும்போது சில் 80 டிகிரியில் நிற்கும். அதன்மேல் 21 சதவீத வெப்பமும் சேர்ந்தால் 88 டிகிரியைத் தாண்டும்.

ஆனால் கார்டு அந்நிலையை அடையவிடுவதில்லை. மேற்கண்ட 1660 வகைக் கார்டுகளில் இயல்பாக வகுக்கப்பட்ட வரம்பு 83 டிகிரி அளவினதாகும். அதனை நெருங்கியதும் கார்டு தானே துடிப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அதாவது உரிமையாளர் கூட்டிய வேகத்தைக் கோடை வெயில் பறித்துக்கொள்கிறது. மின்செலவும் விசிறியின் இரைச்சலுமே மிஞ்சுகின்றன. திருமலை சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்திலுள்ள திருப்பதி நகரைவிட அங்கு 4 அல்லது 5 டிகிரி குளிர்ச்சி இருத்தல் இயல்பு. ஒரே கார்டு மலைமேல் பெறும் வேகத்தை அடிவாரத்தில் பெறாமற் போகலாம்.

வாங்கும்பொழுது கவனிக்கத்தக்கவை

ஒரே வார்ப்பில் பிறந்த சில்லுகளும் தம்முள் சிறிது வேறுபடும். ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே விரைந்தோடும், மற்றொன்று தயங்கும். இதனைக் கடையில் நின்று எவராலும் அறிய இயலாது. ஆகையால் கண்ணால் காணக்கூடியவற்றைக் கொண்டே தேர்தல் அறிவுடைமை.

நினைவகம் ஒத்திருப்பின் அடுத்துக் கவனிக்க வேண்டியது குளிர்விக்கும் அமைப்பு. உலோகத் தகடுகளின் பரப்பு, செம்புக் குழாய்களின் எண்ணிக்கை, விசிறிகளின் அளவு ஆகியவற்றை ஒப்பிடலாம். அறையைவிட 40 டிகிரி மிகுவதற்குப் பதில் 30 டிகிரி மட்டுமே மிகும்படி செய்யும் அமைப்பு இருப்பின், மேற்கூறிய முடுக்கத்திலும் சில் சுமார் 76 டிகிரியில் நிற்கும். சில் ஒன்றேயாயினும் ஒரு கார்டு முடுக்கத்தைத் தாங்குவதும் மற்றொன்று தாங்காததும் பெரும்பாலும் இதனாலேயாம்.

மூன்றாவது, மின்இணைப்பு. கார்டு பொருந்தும் துளையிலிருந்து 75 வாட் வரை பெறலாம். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரவல்லவை. கணினியின் மின்வழங்கி இதற்கு ஈடுகொடுக்குமா எனவும் பார்த்தல் வேண்டும்.

பழைய கார்டு வாங்குவோர் மேலும் விழிப்பாயிருத்தல் அவசியம். எதீரியம் என்னும் மின்னணு நாணயத்தை ஈட்டுவதற்காக இரவுபகலாக ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டபின் பெருமளவில் சந்தைக்கு வந்தன. விசிறி தேய்ந்துள்ளதா, உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா என்பவற்றை நேரில் கண்டறிந்தே பணம் கொடுக்க வேண்டும். புதிய கார்டாயினும், ஓவர்கிளாக்கிங் குறித்து உத்தரவாத விதிகள் கூறுவதை முன்னரே படித்தறிதல் நலம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கார்டு வந்தபின் அதன் திறனை அளத்தல் மாணவர்க்கு நல்லதொரு விஞ்ஞானப் பயிற்சியாகும். ஒரு குறிப்பேட்டில் அறையின் உஷ்ணநிலை, சில்லின் உஷ்ணநிலை, துடிப்பு, விசிறியின் வேகம் என நான்கு பத்திகள் வரைந்துகொள்க. கடினமான விளையாட்டொன்றை அரைமணி நேரம் ஓட்டி, அளவுகளைக் குறித்துக்கொள்க. பின்னர் துடிப்பை 15 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்டி மீண்டும் சோதிக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறினாலும், கணினி நின்றுபோனாலும் முந்தைய அளவிற்குத் திரும்பிவிட வேண்டும்.

தை மாத இரவில் நிலையாக ஓடிய அளவு சித்திரை மாதப் பிற்பகலில் நிலைக்குமென்று கூறுவதற்கில்லை. எனவே இறுதிச் சோதனையை வெயில் மிகுந்த வேளையிலேயே செய்தல் வேண்டும். கோடைக்கு முன் தகடுகளிலும் விசிறியிலும் படிந்த தூசியை அகற்றுவதும், கணினிப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதிருப்பதும் செலவில்லாத உபாயங்கள்.

மற்றொரு வழியும் உண்டு. துடிப்பை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம். 10 சதவீதம் குறைத்தும் சில் தடுமாறாதிருந்தால், வெப்பம் சுமார் 19 சதவீதம் குறையும். 80 டிகிரியில் நின்ற சில் 72 டிகிரிக்கு இறங்கும். வரம்பை எட்டாததால் கார்டு தன் துடிப்பைக் கோடையிலும் இழக்காது. கூட்டுவதைவிடக் குறைப்பதால் வேகம் நிலைபெறுவது இத்தகைய வெயில் நாட்டில் வியப்பன்று.

ஆகவே, ஒத்த இரு கார்டுகளுள் எது சிறந்தது என வினவும் மாணவனை ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்கலாம். நினைவகம் வினாடிக்கு எவ்வளவு கடத்தும்? வெப்பத்தை அகற்றும் அமைப்பு எத்தகையது? மே மாதத்தில் உன் அறையின் உஷ்ணநிலை என்ன? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் வாங்குபவன், பெற்றோரின் பணத்திற்கு உரிய பயனைப் பெறுவான் என்பதில் ஐயமில்லை.