கருந்திராட்சையும் வெப்பக் கணக்கும்

கடைத்தெருவில் கிடைக்கும் பன்னீர் திராட்சையில் ஒன்றை எடுத்துத் தோலை மெல்ல உரித்துப் பாருங்கள். வெளியே கருநீலமாகத் தோன்றிய பழத்தின் உள்ளே சதை ஏறக்குறைய நிறமற்று, இளம்பச்சைக் கண்ணாடி போல இருக்கும். நிறம் முழுவதும் தோலில்தான். உரித்த தோல்களைச் சிறிது நீரில் நன்றாகக் கசக்கி, அந்நீரை இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள்; நீர் பளிச்சென்று சிவக்கும். மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறம் வரும். வேதியியல் ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையைத் திராட்சைத் தோல் உங்கள் வீட்டிலேயே செய்துவிட்டது. இந்த நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர்.

மேலை நாடுகளில் 'சிவப்பு ஒயின்' எனப்படும் திராட்சை மதுவின் நிறமும் இதுவே. சாற்றைப் பிழிந்தெடுத்துத் தோலை எறிந்துவிட்டால் கருந்திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின்தான் கிடைக்கும். பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் பினோ நுவார் என்னும் கருந்திராட்சையை விரைந்து பிழிந்து அப்படித்தான் செய்கிறார்கள். சிவப்பு வேண்டுமானால் தோலும் சாறும் பல நாட்கள் ஒன்றாகவே நொதிக்க வேண்டும். அப்போது தோலிலிருந்து நிறமியும், டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சாற்றில் இறங்குகின்றன. நொதித்தலில் உண்டாகும் கரியமில வாயு தோல்களையெல்லாம் மேலே தள்ளிவிடும். அவற்றை அடிக்கடி அமுக்கிச் சாற்றில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜார்ஜியா நாட்டின் சாபெராவி போலச் சதையும் சிவந்த வகைகள் சில உண்டு, அவை விதிவிலக்கு.

"இயற்பியல் சொல்லித் தருபவருக்குத் திராட்சையில் என்ன சார் வேலை?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். மதுவின் பெருமை பாட நான் வரவில்லை; அதன் சுவையும் நான் அறியேன். ஆனால் எந்தத் திராட்சை எந்த மண்ணில் பழுக்கும் என்ற கேள்வியைக் கிளறினால், தன்வெப்பம், உள்ளுறை வெப்பம், கதிர்களின் சாய்வு என்று நாம் வகுப்பில் படிக்கும் பாடமெல்லாம் வரிசையாக வெளியே வருகின்றன. அதுதான் என்னை இழுத்தது.

முதலில் 'வகை' என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். திராட்சை விதையை நட்டால் தாய்க்கொடியைப் போன்ற கொடி வராது. புதிதாக ஏதோ ஒன்று வரும். எனவே ஒரு வகையைக் காப்பாற்றப் போத்து வெட்டி நடுவது அல்லது ஒட்டுக்கட்டுவதே வழி. இன்று உலகெங்கும் பயிராகும் காபர்னே சோவிஞ்ஞோன் கொடிகள் அனைத்தும், என்றோ முளைத்த ஒரே ஒரு விதையின் தொடர்ச்சியே. அந்த விதையின் பெற்றோர் யார் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோல் மெரடித், ஜான் பவர்ஸ் இருவரும் டி.என்.ஏ. சோதனை மூலம் 1997-இல் கண்டறிந்தனர். காபர்னே பிராங் என்னும் கறுப்பு ஒரு பெற்றோர். சோவிஞ்ஞோன் பிளாங் என்னும் வெள்ளை மற்றொன்று. பெயரிலேயே இருவரும் இருந்தும் அதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை!

காபர்னே சோவிஞ்ஞோன் பழம் சிறியது, தோல் தடித்தது, பழுக்க நாளாகும். பழம் சிறியதாக இருப்பதன் பயனை ஒரு சிறு கணக்கால் காணலாம். கோளத்தின் பரப்பைக் கன அளவால் வகுத்தால் ஆரத்தின் தலைகீழுக்கு நேர்விகிதத்தில் விடை வரும். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழத்தைவிட 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழத்தில், ஒரே அளவு சாற்றுக்கு ஒன்றரை மடங்கு தோல் இருக்கும். தோல் மிகுந்தால் நிறமும் துவர்ப்பும் மிகும். உண்பதற்குப் பெரிய பழம் வேண்டும் என்கிறோம். மதுவுக்குப் பயிரிடுபவர் சிறிய பழத்தைத் தேடுவதன் காரணம் இதுவே.

இனி வெப்பத்துக்கு வருவோம். திராட்சைக் கொடி ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளர்வதில்லை. ஆகவே ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 10-ஐக் கழித்தால், அன்று கொடிக்குப் பயன்பட்ட வெப்பத்தின் அளவு தோராயமாகக் கிடைக்கும். பகலில் 28, இரவில் 12 என்றால் சராசரி 20. கொடியின் கணக்கில் அன்றைய வரவு 10. ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய 214 நாட்களுக்கு இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டு கலிபோர்னியாவின் பகுதிகளை ஐந்து மண்டலங்களாக வின்க்லர், அமெரின் என்னும் இரு அறிஞர்கள் 1944-இல் பிரித்தார்கள். ஏறத்தாழ 1,390-க்குக் குறைந்தது முதல் மண்டலம். 2,220-க்கு மேற்பட்டது ஐந்தாம் மண்டலம். நம் ஊர்ச் சமவெளியில் சராசரி 30 டிகிரி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 4,280! ஐந்தாம் மண்டலத்தின் தொடக்க எல்லையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

வெப்பம் மிகுந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அப்படியன்று. பழுக்கும்போது மூன்று செயல்கள் ஒருங்கே நடைபெறுகின்றன. சர்க்கரை ஏறுகிறது, அமிலம் இறங்குகிறது, தோலில் நிறமி கூடுகிறது. மூன்றும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பழத்திலுள்ள டார்டாரிக் அமிலம் (நம் புளியில் இருப்பதும் இதுவே) எளிதில் அழியாது. ஆனால் ஆப்பிளிலும் உள்ள மாலிக் அமிலத்தைப் பழம் சுவாசத்தில் எரித்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற இந்த எரிப்பு விரைகிறது. நிறமியோ 35 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. ஆகவே கொதிக்கும் ஊரில் இனிப்பு விரைவில் நிரம்பும், புளிப்பு ஓடிவிடும், நிறமும் துவர்ப்பும் பின்தங்கும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும் என்பதால், இனிப்பு மிஞ்சினால் போதையும் மிஞ்சும். குளிர்ந்த ஊரில் இதற்கு நேர் எதிர்: புளிப்பு குறையவே குறையாது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறுகிய இடைவெளிதான் இருக்கிறது.

அந்த இடைவெளியை மக்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்குப் பிரான்சின் மேற்கே உள்ள போர்தோ நல்ல சான்று. ஷிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் மெதோக் என்னும் பகுதி. அங்கு மண் என்றே சொல்ல முடியாதபடி கூழாங்கல் குவியல். அங்கே தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவிஞ்ஞோன். டோர்டோன் ஆற்றின் வலக்கரையில் சாந்தெமிலியோன், பொமரோல், களிமண் மிகுதி. அங்கே ஒன்றிரண்டு வாரம் முந்திப் பழுக்கும், தோல் மெல்லிய மெர்லோ. ஏன் இந்தப் பிரிவினை? ஒரு கிராம் கல்லை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.2 கலோரி போதும். நீருக்கு ஒரு முழுக் கலோரி வேண்டும். நீரைப் பிடித்துவைக்கும் களிமண் சூடேற நேரமாகும். அதோடு, அதிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரியைக் கவர்ந்து செல்கிறது. நீரை வடியவிட்டு விரைவில் சூடேறும் கூழாங்கல் தரையே தாமதக்காரனான காபர்னேயைக் கைதூக்கிவிட்டது. மண்பானை நீர் குளிர்வதை விளக்கும் பாடமும் இந்தப் பாடமும் ஒன்றுதான்.

கிழக்கே பர்கண்டியில் நிலை வேறு. அங்கு பினோ நுவார் ஆட்சி செய்கிறது. தோல் மெல்லியது, குலை நெருக்கமானது, அழுகல் எளிதில் பிடிக்கும், முன்னதாகத் துளிர்த்து உறைபனியில் கருகும்; இத்தனை தொல்லையும் கொடுக்கும் வகை இது. ஆனால் குறைந்த வெப்பத்தில் பழுத்துவிடும். கிழக்கு நோக்கிய சுண்ணாம்புக்கல் சரிவுகளில் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், மிகுதியாகக் காய்க்கும் காமே என்னும் வகையைப் பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். வெளியேற்றப்பட்ட காமே சற்றுத் தெற்கே பொஜொலே பகுதியின் கருங்கல் மண்ணில் பெயர் பெற்றது வேறு கதை.

தெற்கே ரோன் ஆற்றின் கரையில் எர்மிதாஜ் என்னும் குன்று, வகை சிரா. இங்கு வேலை செய்வது சாய்வு. அந்தக் குன்று இருப்பது 45 பாகை அட்சரேகையில். பழம் முதிரும் செப்டம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் அங்கே 45 பாகை உயரத்தில்தான் நிற்கும். சமதரையில் விழும் கதிரின் பங்கு சைன் 45, அதாவது 0.71. தெற்கு நோக்கி 20 பாகை சாய்ந்த நிலமானால் சைன் 65, அதாவது 0.91. ஒரு காசு செலவின்றி 28 சதவீதம் கூடுதல் வெயில்! இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், அக்டோபர் மூடுபனிவரை கொடியிலேயே காத்திருக்கும் நெபியோலோவுக்குத் தென்முகச் சரிவுகளை ஒதுக்கிவைப்பதும் இதே கணக்குத்தான். நெபியோலோ ஒரு விந்தை: நிறம் வெளிறியது, துவர்ப்போ நாக்கைப் பிடித்து இழுக்கும்.

அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் உயரம் கைகொடுக்கிறது. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். இரவு குளிர்ந்து அமிலம் தங்கும். பிரான்சில் பின்னுக்குப் போன மால்பெக் அங்கேதான் செழித்தது.

இடமும் வகையும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி நாட்டுக் கதை ஒன்று போதும். 19-ஆம் நூற்றாண்டில் போர்தோவிலிருந்து போத்துகள் சிலிக்குச் சென்றன. பின்னர் பிலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க அடிச்செடிகளில் ஒட்டுக்கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள். அப்படி மீண்டபோது கார்மெனேர் என்னும் வகையைப் பெரும்பாலோர் திரும்ப நடவில்லை. ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1994-இல் பிரெஞ்சுத் திராட்சை அறிஞர் புர்சிகோ சிலித் தோட்டங்களில் 'மெர்லோ' என்று காட்டப்பட்ட கொடிகளைப் பார்த்து, இவற்றில் பல மெர்லோ அல்ல, கார்மெனேர் என்றார். கார்மெனேர் மெர்லோவைவிடச் சில வாரங்கள் பிந்திப் பழுப்பது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஒரே நாளில் பறித்ததால், அதுவரை பாதிப் பழம் பச்சை மணத்துடனேயே தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர் மாறியதும் பறிக்கும் நாள் மாறிற்று.

நம் நாட்டின் வெப்பமண்டலப் பகுதிகளில் கொடி குளிர்காலத்தில் உறங்குவதே இல்லை. கவாத்துதான் அதற்குக் காலம் காட்டுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து நாளை மாற்றி மாற்றிப் பன்னீர் திராட்சையை ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பறிக்கிறார்கள். நாசிக்கில் ஒயினுக்கான சிராவும் காபர்னேயும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த இரவுகளில் பழுக்குமாறு கவாத்து செய்கிறார்கள். இடத்தை மாற்ற முடியாதவர்கள் காலத்தை மாற்றிக்கொண்டார்கள். ஐரோப்பிய விவசாயிக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கொடியைப் பனிக்காலம் கட்டிப்போட்டுவிடும்.

அவருக்குத்தான் இப்போது சிக்கல் வந்திருக்கிறது. பர்கண்டியில் போன் என்று ஒரு நகரம் (தொலைபேசிக்கும் இதற்கும் தொடர்பில்லை). அறுவடைக் கூலிக் கணக்குகளையும் நகரசபைக் குறிப்புகளையும் துருவி, அங்கே 1354 முதல் 2018 வரை பழம் பறிக்கத் தொடங்கிய நாட்களை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். வெப்பமானி பிறப்பதற்கு முன்பிருந்தே திராட்சைக் கொடி வெப்பத்தை அளந்து வந்திருக்கிறது! 1987 வரை சராசரித் தொடக்க நாள் செப்டம்பர் 28. 1988-க்குப் பின் அது 13 நாட்கள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏறியும் இறங்கியும் வந்த கணக்கு, முப்பது ஆண்டுகளில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

13 நாட்கள் என்பது ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் உள்ள இடைவெளி. தாமதக்காரனுக்குக் கூழாங்கல், முந்திக்கொள்பவனுக்குக் களிமண் என்று பாட்டன் பூட்டன் கண்ட பொருத்தம் இனி அப்படியே நிற்காது. போர்தோவில் மெர்லோ இப்போது சர்க்கரையை மிக விரைவில் சேர்த்துவிடுகிறது. துவர்ப்பு முதிருமட்டும் காத்திருந்தால் ஆல்கஹால் ஏறிப்போகிறது. வகைகளைப் பற்றிய சட்டம் கடுமையாக உள்ள அந்நாட்டில், 2021-இல் போர்தோவுக்கு நான்கு புதிய சிவப்பு வகைகளை அனுமதித்தார்கள்: அரினார்னோவா, காஸ்தேத்ஸ், மார்சலான், போர்ச்சுக்கலின் வெப்பமான டோரோ பள்ளத்தாக்கில் பழகிய தூரிகா நசியோனால். தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இவற்றை நடக் கூடாது. கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. இன்று நடும் போத்து பயனுள்ள பழம் தர மூன்று ஆண்டு ஆகும். அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டு அதே இடத்தில் நிற்கும். மெதோக்கின் கூழாங்கற்களோ எப்போதும்போல வெயிலை வாங்கிக்கொண்டுதான் கிடக்கின்றன.