கூரைப் பனியும் மூணு ஸ்லைடரும்

ஜப்பானில் நீகாட்டா, யமகாட்டா, அகிட்டா பக்கமெல்லாம் குளிர்காலத்தில் கூரை மேல ஏறிப் பனியைத் தள்ளிவிடுவது வருஷா வருஷம் வர்ற வேலை. இதற்கு 'யுகியொரோஷி' என்று பெயர். 2005-06 குளிர்காலத்தில் அந்த நாட்டில் பனியால் இறந்தவர்கள் 152 பேர். பெரும்பாலோர் பனி அகற்றும்போது இறந்தவர்கள்; அதிலும் முதியவர்களே அதிகம்.

ஆயுசு முழுக்கப் பனியோடு வாழ்ந்தவங்களுக்குப் பனியைப் பற்றித் தெரியாதா? தெரியும். சிக்கலே அங்கதான். இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல, இன்னைக்கும் ஆகாதுன்னு அனுபவம் சொல்லுது. எச்சரிக்கைப் பலகையால் அந்த நம்பிக்கையை அசைக்க முடியாது. அடிபடாமல் ஒருமுறை தப்புக்கணக்கு போட்டுப் பார்த்தால் அசையும். சிமுலேஷன் அதற்குத்தான்.

நான் எழுதிப் பார்த்த சின்ன மாடலில் மூணு ஸ்லைடர்: பனியின் உயரம், கூரைச் சாய்வு, வெப்பநிலை. ஓட்டுவதற்கு முன்னாடி 'சரியுமா, சரியாதா?' என்று நீங்க பதில் சொல்லியே ஆகணும்.

எல்லாரும் முதலில் உயரத்தைத்தான் கூட்டுவாங்க. அமுங்கிய பனி கன மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. 60 சதுர மீட்டர் கூரையில் 1 மீட்டர் உயரம்னா 18 டன்! ஆனாலும் சரியாது. எடை கூடும்போது உராய்வும் அதே விகிதத்தில் கூடுது. 20 டிகிரி சாய்வில் உராய்வுக் கெழு 0.36-க்குக் கீழே இறங்கினால்தான் பனி நகரும். (நிஜத்தில் பனி கூரையோடு உறைந்து ஒட்டவும் செய்யும், அதைச் சேர்த்தால் உயரத்துக்கும் பங்கு வரும்.)

இப்போ வெப்பநிலையை மைனஸ் 5-லிருந்து பிளஸ் 1-க்கு நகர்த்துங்க. அடியில் மெல்லிய நீர்ப்படலம் உருவாகுது, பிடி விடுது, மொத்தப் பாளமும் ஒரே நேரத்தில் இறங்குது. 5 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு விநாடிதான். வேகம் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர். கீழே நிற்பவர் நிமிர்ந்து பார்க்கவே நேரம் போதாது.

பனி கொட்டும் ராத்திரியைவிட, மறுநாள் வெயில் அடிக்கும் நல்ல பகல்தான் ஆபத்து. 'வேலைக்கு வசதியான நாள்' என்று மனுஷன் ஏறுவதும் அன்னைக்குத்தான். ஸ்லைடரை நகர்த்தித் தோற்றவருக்கு இது சீக்கிரம் மறக்காது.

கயிறு கட்டவோ ஏணியை இறுக்கவோ மாடல் கற்றுத்தராது. ஹெல்மெட் போடணும், ஒருத்தராவது கூட இருக்கணும்; அதெல்லாம் கூரையடியில் பழக வேண்டியது. ஏன் பழகணும் என்பதை மட்டும் திரையில் காட்டலாம்.