பேரிக்காயும் மார்த்தாண்டத்துத் தேனும்

ஆடி பிறந்தவுடன் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு விரைகிறவர்களின் கால்களுக்கும் பேருந்துகளின் சக்கரங்களுக்கும் நடுவே எவ்விதமோ தமக்கென்று ஓரிடத்தைச் சம்பாதித்துக்கொண்டு நிற்கும் தள்ளுவண்டிகளில், மாம்பழம் விடைபெற்றுச் சென்ற இடத்தை நாவற்பழமும் பேரிக்காயும் பங்கிட்டுக்கொள்வதைக் காணலாம். நாவற்பழத்துக்குச் சர்க்கரை வியாதிக்காரர்களின் ஆதரவு எப்போதும் உண்டு. ஆகையால் அது பொழுது சாயுமுன் தீர்ந்துவிடுகிறது. பேரிக்காய்தான் பாவம், விளக்கு வைத்த பிறகும் கூறு கலையாமல் உட்கார்ந்திருக்கும்.

அதற்கு அதன் பெயரே சத்துரு என்பது என் அபிப்பிராயம். பேரி என்ற முற்பகுதி, கப்பலேறி வந்த போர்த்துகீசியர்களுடைய 'பேரா' என்ற சொல்லின் சாயல். காய் என்ற பிற்பகுதி நாம் கடித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு முழு அநியாயமும் அன்று. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைந்து நம் ஊருக்கு வரும் நாட்டுப் பேரி, தோல் தடித்து, சதை இறுகி, பல்லில் மணல் பட்டது போல நறநறக்கும் சுபாவமுள்ளது. கொய்யாவில் இருப்பது போலவே இதன் சதைக்குள்ளும் சுவர் தடித்த கல்லணுக்கள் கொத்துக் கொத்தாக இருப்பதுதான் அந்த நறநறப்புக்குக் காரணம். ஆப்பிளைப் போலக் கடித்துத் தின்னலாமென்று ஆசைப்பட்டு வாங்கினவர் மறுமுறை வண்டிப் பக்கம் திரும்பாததில் ஆச்சரியமில்லை. ஆனால் பச்சையாக உண்ணும்போது குறையாக நிற்கும் அந்த இறுக்கமே, நெருப்பில் வைக்கும்போது பெரிய குணமாக மாறுகிறது: மென்மையான சீமைப் பேரி அரை மணி நேரச் சூட்டில் குழைந்து கூழாகிவிடும் இடத்தில், நம் மலைப்பேரி உருக்குலையாமல், உள்ளே பதமாக வெந்து, பெயரில் இல்லாத பழத்தன்மையை அப்போதுதான் அடைகிறது. அதை இரண்டாகப் பிளந்து, நடுவே புதிதாய்த் திரித்த பாலின் கட்டியை நிரப்பி, சூட்டடுப்பில் வாட்டி, தேன் வார்த்து உண்ணும் ஒரு பதார்த்தத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

பாலின் கட்டி என்று சுற்றி வளைப்பானேன், சீஸ் என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பாலாடைக்கட்டி என்று அகராதிக்காரர்கள் ஒரு சொல்லைத் தந்திருக்கிறார்கள். ஆடையோ பாலின் மேலே படிவது, இதுவோ பாலின் அடிமுதல் திரண்டு வருவது, ஆகவே அந்தச் சொல்லில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பனீர் என்றாலோ, எங்கள் தெருவில் பாதிப்பேர் கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர் என்றே அதை உச்சரிக்கிறார்கள். கடையில் சதுரமாக வெட்டி உறையிலிட்டு விற்கும் பனீர் இந்தக் காரியத்துக்கு உதவாது. அழுத்தி நீரையெல்லாம் பிழிந்துவிட்டபடியால் அது ரப்பரைப் போல நிற்கும், பழத்தோடு சேராது. நமக்கு வேண்டியது வங்காளத்தார் 'சேனா' என்று சொல்லும், கையில் பிசைந்தால் வெண்ணெய் போல இளகும் புதுக்கட்டி. ஒரிஸாவில் இதையே சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, இலையில் பொதிந்து, மேலே கருகும் வரை சுட்டு, 'சேனா போடா' என்று கொண்டாடுகிறார்கள். போடா என்றால் அந்தப் பாஷையில் கருகினது என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது வேறுவிதமாகக் கேட்டால் அதற்கு ஒரிஸாக்காரர்கள் பொறுப்பல்ல.

சேனா நம் சமையலறைக்குள் நுழையாமற்போனதற்குக் காரணம் பாலைப் பற்றி நமக்குள்ள ஒரு சம்பிரதாயம். பால் பொங்க வேண்டும், திரியக்கூடாது. முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் நாளொரு மாடியாக எழும் அடுக்குவீடுகளில், முகூர்த்த நாள் வந்தால் விடியுமுன் யாரோ ஒருவர் புது அடுப்பில் புதுப் பாத்திரம் வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தப் பால் வழிந்தால் மங்களம், திரிந்தால் அந்த வீட்டு முகங்கள் எல்லாம் வாடிவிடும். கோடையில் மின்சாரம் நின்று, வாங்கிவைத்த பால் தானாகவே திரிந்துபோகும் நாட்களில் என் தாயார் அதைக் கொட்டிவிட மனமில்லாமல், சர்க்கரை போட்டுச் சிறு தீயில் கிளறி, பொன்னிறமான ஒரு தித்திப்பை எங்கள் கையில் வைப்பார். ஆனால் அதற்கு ஒரு பெயர் சொன்னதில்லை. சுபமில்லாத ஒன்றில் பிறந்த பண்டத்துக்கு எதற்குப் பெயர் என்று நினைத்தார் போலும்.

ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஆவின் பச்சை உறைப் பால் ஒரு லிட்டரை நான் அடுப்பில் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தபோது, கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, நல்ல பாலை யாராவது வேணும்னு திரிய விடுவாங்களா?"

"இல்லேம்மா, இது பலகாரத்துக்கு."

"பலகாரத்துக்கு அதுலே பாயசம் வெக்கலாமே."

நியாயமான வாதந்தான். நான் பதில் சொல்லவில்லை. பால் பொங்கி எழும் தருணத்தில் தீயை அணைத்துவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து கரண்டி கரண்டியாக விட்டேன். அவசரப்பட்டு முழுவதையும் ஒரே தடவையில் கொட்டினால் கட்டி இறுகிப் போவதோடு புளிப்பும் ஏறிவிடும். முதற்கரண்டிக்குப் பால் ஒன்றும் அறியாதது போலிருந்தது. மூன்றாவதில் பாத்திரத்தின் ஓரங்களில் மெல்லிய திப்பிகள் தெரிந்தன. அடுத்ததில், மேகம் விலகினாற்போல வெண்மையெல்லாம் ஒரு பக்கமாகத் திரண்டு நிற்க, மீதமிருந்த நீர் தெளிந்து இளம்பச்சை நிறம் கொண்டது. அந்தப் பச்சை ஏதோ கலப்படம் என்று பயப்பட வேண்டாம்; பாலில் இயல்பாக உள்ள ரிபோபிளேவின் என்ற உயிர்ச்சத்தின் நிறம் அது. நீர் தெளிந்துவிட்டால் சாறு விடுவதை அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்.

மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, புளிப்புப் போகக் குளிர்ந்த நீர் ஒரு செம்பு விட்டு, குழாயில் அரை மணி நேரம் தொங்கவிட்டால் போதும்; பாரம் ஏற்றக்கூடாது. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 180 கிராம் கட்டி தேறும். அதைத் தாம்பாளத்தில் இட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிசைய, திப்பி மறைந்து, கையில் லேசாக நெய்ப்பசை தட்டும். அதுவே பக்குவம். ஒரு சிட்டிகை உப்பு, நாலு ஏலக்காயின் பொடி, எலுமிச்சைத் தோலின் மஞ்சளை மட்டும் சீவிய துருவல் கொஞ்சம். சர்க்கரை வேண்டியதில்லை. வடித்த நீரை வீணாக்காமல் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

பேரிக்காய் நாலு. தோல் சீவி, நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து, விதைப்பகுதியைத் தேக்கரண்டியால் குடைந்து எடுத்துவிட்டு, முதுகுப்புறத்தில் ஒரு மெல்லிய சீவல் சீவினால் தட்டில் உருளாமல் உட்காரும். நெய் தடவிய தட்டில் முதலில் கவிழ்த்து வைத்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மேலே மூடி, 180 டிகிரி சூட்டில் இருபத்தைந்து நிமிஷம். பிறகு நிமிர்த்தி, குழியில் கட்டியைக் குவித்து வைத்து, மூடாமல் இன்னும் பதினைந்து நிமிஷம். கட்டியின் உச்சி அங்கங்கே பொன்னிறமாகும்போது எடுத்துவிடலாம்.

சூட்டடுப்பு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் பிரிமனை வைத்து, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி மூடி, பத்து நிமிஷம் காயவிட்டால் அதுவும் ஓர் அடுப்புத்தான். நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகும், உச்சியும் அவ்வளவாகச் சிவக்காது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைமுறைகளாக வாழும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் பழக்கலவையை வீட்டில் தயாரித்து, சுடுவதற்கு மாத்திரம் பேக்கரி அடுப்புக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அதற்கும் வசதியில்லாத இடங்களில் சட்டியைக் கரியடுப்பில் வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்பி, மேலும் கீழும் சூடு தாக்கும்படி செய்து கேக் சுட்டெடுத்தார்கள்.

இந்த மேல்தணல் உபாயம் எவ்வளவு புராதனமானது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு நூற்றறுபது வருஷங்களுக்கு முன்னால், ரோமாபுரியில் கேட்டோ என்ற கண்டிப்பான முதியவர் ஒருவர் விவசாயத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், உழவுக்கும் எருவுக்கும் நடுவே, சவில்லும் என்ற பணியாரத்தின் பக்குவத்தையும் சொல்லிவைத்திருக்கிறார். புதுக்கட்டி இரண்டரை ராத்தல், மாவு அரை ராத்தல், தேன் கால் ராத்தல், முட்டை ஒன்று. எண்ணெய் தடவிய மண்சட்டியில் இட்டு, மண்மூடி கவிழ்த்து, நடுப்பாகம் நன்றாக வேகிறதா என்று பார்த்துச் சுட வேண்டும். வெந்ததும் எடுத்து, மேலே தேன் தடவி, கசகசாத் தூவி, மறுபடியும் சற்று நேரம் மூடியின் கீழே வைக்க வேண்டும். அந்தக் கசகசாவை நான் இங்கே இரவல் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தேனை இரண்டு முறை நெருப்புக்குக் காட்டுகிறாரே, அதில்தான் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

தேனைச் சுடவைக்கக்கூடாதென்பது நம் வீடுகளின் இன்னொரு சம்பிரதாயம். சித்த வைத்தியர்கள் சூரணத்துக்கு அனுபானமாகத் தேனைக் குழைத்துக் கொடுப்பார்களேயன்றிக் கொதிக்கவிட மாட்டார்கள். சரகர் முதலான ஆயுர்வேத ஆசாரியர்களும் காய்ச்சிய தேனை விலக்கியிருக்கிறார்கள். காய்ச்சினால் விஷமாகிவிடும் என்று பாட்டிமார் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனால் சூடு ஏற ஏறத் தேனில் உள்ள நொதிகள் செயலிழக்கின்றன, மலரின் வாசனை ஆவியாகிப் போகிறது, கடைசியில் மிஞ்சுவது வெறும் இனிப்புத்தான் என்பதில் சந்தேகமில்லை. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. முதல் தடவை இந்தப் பதார்த்தத்தைச் செய்தபோது, அதிபுத்திசாலித்தனமாகத் தேனை முன்கூட்டியே வார்த்து அடுப்பில் தள்ளினேன். அது பழத்தை விட்டு வழிந்து, தட்டின் அடியில் தாரைப் போலக் கருகி, கசந்து, வீடெங்கும் புகைந்தது. தட்டை ஒருநாள் முழுக்க ஊறவைத்துத் தேய்த்தவனும் நானே.

பாலைப் பற்றிய சம்பிரதாயத்தை மீறுவதும், தேனைப் பற்றிய சம்பிரதாயத்துக்குப் பணிவதுமாக, இந்தப் பலகாரத்தில் ஆசாரம் பாதி, அநாசாரம் பாதி. அடுப்பிலிருந்து எடுத்த பின் பத்து நிமிஷம் ஆறவிட்டு, கையால் தொடப் பொறுக்கும் சூட்டில், பாதிக் காய் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி தேன்.

எந்தத் தேன் என்ற கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான். தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஓடும் அந்த்யோதயா ரயில் திரும்பி வரும்போது, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களின் பைகளில் நேந்திரங்காய் வறுவலோடு கூடவே வந்து இறங்கும் மார்த்தாண்டத்துத் தேன். பெட்டியில் தேனீ வளர்க்கும் வித்தை அங்கே வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு நெடிய விருத்தாந்தம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார், நம் நாட்டு அடுக்குத்தேனீயின் உடலளவுக்கும் கூட்டத்தின் அளவுக்கும் பொருந்தும்படி ஒரு சிறு மரப்பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை பலருக்கும் பயிற்சி கொடுத்தார். அதே பெட்டி, 1920-களில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தின் வழியாகக் குடியானவர் வீட்டுக் கொல்லைகளை அடைந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கூட்டங்களைக் கூண்டோடு அழித்தபோது பலர் பெட்டிகளை விறகுக்குப் போட்டுவிடும் நிலைமைக்கு வந்தார்கள். அதிலிருந்தும் மீண்டு, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அந்தத் தேனில் பெரும்பங்கு மலரிலிருந்து வருவதன்று என்பது பலருக்குத் தெரியாது. தை, மாசியில் ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடுகையில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்திலுள்ள நுண்ணிய சுரப்பிகள் மதுவைக் கசியவிடுகின்றன. தேனீக்கள் பூவை விட்டுவிட்டு அந்தக் கணுக்களையே மொய்க்கின்றன. வெளிர்ந்த நிறமும், அதிக மணமில்லாத சாதுவான இனிப்பும் உள்ள தேன் அது. கொம்புத்தேனையோ மலைத்தேனையோ வார்த்தால் அதன் காரமான நெடி புதுப்பாற்கட்டியின் மெல்லிய ருசியை அமுக்கிவிடும். மார்த்தாண்டத்துத் தேன் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்.

தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்துவது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று சோதிப்பது ஆகிய பரீட்சைகளை நம்பி யாரும் தேன் வாங்க வேண்டாம். 2020-இல் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத்தேன்களை ஆராய்ந்து, ஆய்வுக்கூடச் சோதனைகளையே ஏமாற்றும்படி தயாரித்த சர்க்கரைப் பாகு அவற்றில் கலக்கப்படுவதாக வெளியிட்டது. ஆய்வுக்கூடத்துக்கே டிமிக்கி கொடுக்கும் பாகு நம் வீட்டுத் தீக்குச்சிக்கா பயப்படும்?

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். சூடு தணிந்த பேரியின் மேல் தேனை விட்டதும், அது கட்டியின் பொன்னிற விரிசல்களுக்குள் இறங்கி, அங்கே நிற்காமல் பழத்தின் குழிக்குச் சென்று, பழத்தின் சாறோடு கலந்து சிறு குளமாய்த் தேங்கியது. வறுத்த கசகசாவை மேலே தூவினேன். தாயார் முதலில் ஒரு விள்ளல் எடுத்தார். பிறகு கிண்ணத்தை மடிக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். முழுவதும் முடித்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பொறுக்கையும் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டு, சற்று நேரம் யோசித்துச் சொன்னார்:

"இனிமே பால் தானாத் திரிஞ்சுதுன்னா, கொட்டாம உன்னைக் கூப்பிடறேன்."

தானாகத் திரிந்த பாலில் புளிப்பு ஊறியிருக்கும், இந்தப் பக்குவத்துக்கு அது சரிப்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வடித்து வைத்த நீரை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலைத் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.